உடையாச் சங்கமும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், சங்கத்தார், அக்காவோடு வேலை பார்த்த ரயில்வே நண்பர்கள் அனைவருக்கும் தம்பியின் பணிவான வணக்கம்.

எழுதத் தொடங்கும்போதே கை தயங்குகிறது. துக்கம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. இதுபோன்ற மலர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். படித்து முடித்துவிட்டு, "ஏலே, செத்த பெறகு எல்லாரும் ஒரே மாதிரி நல்லவுகளா ஆயிருதாகலே. இவுக எனக்கு நல்லாத் தெரிஞ்சவுக. எம்புட்டுக் கோவக்காரி! அதுல ஒரு சொட்டுகூட இதுல இல்லியே" என்று வருத்தப்படுவார். ஆகவே அக்காவின் கோபம், பிடிவாதம், சமையல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துதான் எழுத உட்கார்ந்தேன். சங்கத்தின் வரலாற்றையும் கூடவே எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். அக்காவின் கதையைச் சொன்னாலே சங்கத்தின் கதையில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி, அக்காவோடு சண்டை போட்டவர்களின் கதை. அதையும் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா அங்கே நூல் ஆலையில் வேலை பார்த்தார். ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அக்கா மூத்தவர், நான் மூன்று வயது இளையவன். அக்காவுக்குப் படிப்பில் பிடித்தது பூகோளம். ரயில் கால அட்டவணை ஒன்று எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. அதைக் கதைப் புத்தகம் மாதிரி படுத்துக்கொண்டு படிப்பார். பாசஞ்சர் வண்டி எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்டால் பார்க்காமல் சொல்வார்.

அவர் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பா மூச்சிரைப்பு நோயில் காலமானார். அம்மா வீட்டிலிருந்தே அப்பளம் இட்டுக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார். அந்த அப்பளங்களை மாடியில் காயப்போட்டுக் காவல் இருந்தபடியே அக்கா ரயில்வே தேர்வுக்குப் படித்தார், முதல் முறையிலேயே தேறினார். திருநெல்வேலி சந்திப்பில் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. குடும்பத்தோடு வண்ணார்பேட்டைக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். சில ஆண்டுகளில் எனக்கும் மின்வாரியத்தில் வேலை கிடைத்தது.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. இது பற்றி உறவினர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறீர்கள். முதலில் வந்த இரண்டு வரன்கள் எங்கள் வசதியைப் பார்த்துத் திரும்பிப் போயின. மூன்றாவதாக வந்தவரை அக்காவே வேண்டாம் என்றார். பெண் பார்க்க இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார்களாம். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க விட்டதில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. இருந்ததாக என் கண்ணுக்குப் பட்டதும் இல்லை. பிற்காலத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் முடிந்து பந்தி நேரத்துக்குத்தான் போவார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

சங்கம் பிறந்தது ஓர் உடைந்த பெட்டியிலிருந்து.

அக்கா வேலைக்குச் சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். சேரன்மகாதேவிக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இசக்கிமுத்து வேளார் என்ற மண்பாண்டத் தொழிலாளி சென்னையில் ஒரு கடைக்கு மண் கூஜாக்களைப் பெட்டியில் கட்டி ரயிலில் அனுப்பியிருந்தார். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்று அந்தக் கடைக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டது. வெளியூரிலிருந்து வேளாருக்கு வந்த முதல் ஆர்டர். பத்து நாளில் அதே பெட்டி திரும்பி வந்துவிட்டது. கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பார்சல் அலுவலக வாசலிலேயே வேளார் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓட்டுச்சில்லுகள்தான் இருந்தன.

அவர் சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒரு மூடிகூட மிஞ்சல தாயி. ஒடைக்கதுக்குன்னே ஒரு ஆளு உள்ள உக்காந்து போயிருப்பான் போல" என்றார்.

அக்கா மேசையை விட்டு எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன வச்சுக் கட்டுனீக அண்ணாச்சி?"

"வைக்கல்தான். வேற என்ன வைக்க?"

"வைக்கல் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கிக் கெடக்கு. கூஜா ஒண்ணுக்கொண்ணு முட்டித்தான் ஒடைஞ்சிருக்கு. ரயிலு ஒடைக்கல."

"ரயில்வேகாரவுக ரயில விட்டுக் குடுப்பீகளா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு வாரேன். நீங்களே கட்டுங்க, நானே கீழ போடுதேன். எது ஒடைக்குன்னு பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்ன சொல்லை அக்கா ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஞாயிறு காலைப் பாசஞ்சரில் இரண்டு கயிற்றுச் சுருளோடு ஏறிப் போனார்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலைதான். வேளார் பெட்டியில் கூஜாக்களை அடுக்கிக் கட்டுவார். அக்கா அதை மாட்டுவண்டியின் மேலிருந்து கீழே தள்ளுவார். திறந்து பார்த்தால் உடைந்திருக்கும். மறுவாரம் வேறு மாதிரி கட்டுவார்கள். மணல் போட்டார்கள், உமி போட்டார்கள், பழைய துணி சுற்றினார்கள். அந்தத் தெருவில் அக்காவுக்குப் "பான ஒடைக்க வந்த அம்மா" என்று பெயர் விழுந்துவிட்டது. பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து இடம்பிடித்து உட்காருவார்களாம்.

வழி கண்டுபிடித்தவர் வேளாரின் மனைவி பேச்சியம்மாள். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டுச்சில்லுகளைப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்குமாறைக் கீழே போட்டார். "வாழைத் தோப்புல காஞ்ச தடை மலையாக் கெடக்கு. அத சுத்திப் பாத்தா என்ன? அது அமுங்கும், ஒடையாது" என்றார். வாழை மரத்தின் பட்டையைத்தான் எங்கள் பக்கத்தில் தடை என்போம். காய்ந்த தடை அழுத்தினால் மெத்தை மாதிரி உள்வாங்கும். ஆற்றோரம் முழுக்க வாழைதான். யாரும் அதை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். பேச்சியம்மாள் ஒவ்வொரு கூஜாவுக்குள்ளும் தடையைச் சுருட்டித் திணித்தார், வெளியே இரண்டு சுற்றுச் சுற்றினார், பெட்டியில் அசையாமல் இறுக்கினார். வண்டியின் உயரம் போதாது என்று அக்கா பக்கத்து மச்சு வீட்டு மாடிக்கே பெட்டியை ஏற்றச் சொன்னார். அங்கிருந்து நானும் அவருமாகத் தள்ளினோம். தெருவே அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம். புழுதி அடங்கிய பிறகும் யாரும் கிட்டே போகவில்லை.

"நீங்களே தொறங்க தாயி. நான் பாக்க மாட்டேன்" என்றார் வேளார்.

பேச்சியம்மாள்தான் திறந்தார். முதல் கூஜாவை எடுத்துத் தடையை உரித்து, விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டித் தட்டி வரிசையாக வைத்தார். கடைசிக் கூஜாவும் கணீரென்றதும் தெருவில் எழுந்த கூச்சலில் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. பேச்சியம்மாள் ஒன்றில் தண்ணீர் மொண்டு வந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அண்ணாந்து குடித்ததில் பாதி சேலையில்தான் போயிற்று. அவ்வளவு சிரிப்பு.

அடுத்து அனுப்பிய பெட்டி சென்னைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. செய்தி எப்படித்தான் பரவியதோ, அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைபவர்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்கள், ஓலைப்பெட்டி முடைபவர்கள் எல்லாரும் பார்சல் அலுவலகத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள். "ஒடையாமக் கட்டித் தாரவுக நீங்கதானாம்மா?" என்று கேட்பார்களாம். பாய் எப்படி உடையும் என்று அக்கா கேட்டதற்கு, "ஒடையாது, மழையில நனைஞ்சு கருத்துப் போவும், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்றார்களாம். சந்திப்பில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள்தான் இவர்கள் எல்லாரையும் சேர்த்து "உடையாச் சங்கம்" என்று முதலில் கேலியாக அழைத்தவர்கள்.

இப்படித் தனித்தனியாக வருவதைவிட ஒன்றாகச் சேர்ந்தால் என்ன என்று வேளார்தான் கேட்டார். முதல் கூட்டம் ஒரு சின்ன ஸ்டேஷன் நடைமேடையில், கீழ்நோக்கிப் போகும் வண்டிக்கும் மேல்நோக்கி வரும் வண்டிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் நடந்தது. எல்லா ஊர்க்காரர்களும் செலவில்லாமல் வந்து சேர அதுதான் வசதி. பெயர் வைப்பதில்தான் பெரிய தகராறு. அக்கா 'கைவினைஞர்' என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். "கைவினைஞர்னா யாரு தாயி?" என்று வேளார் கேட்டார். "நீங்கதான் அண்ணாச்சி." "அப்படின்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லலியே." மேல் வண்டி வந்துவிட்டதால் அந்தப் பெயரே பதிவாகிவிட்டது. பதிவுத் தாளில் உள்ள அந்த நீண்ட பெயரை இன்றுவரை சங்கத்தில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் அது உடையாச் சங்கம்தான்.

அரசு ஊழியர் வெளிவேலை பார்க்கிறார் என்று யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். அக்கா விளக்கம் சொல்ல மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. சங்கத்தில் தனக்குப் பதவியோ சம்பளமோ கிடையாது, விடுமுறை நாளில் பெட்டி கட்டச் சொல்லிக் கொடுப்பதோடு சரி என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டு, "பார்சல் உடையாமல் போய்ச் சேர்வது நமக்கும் நல்லதுதானே அம்மா?" என்று கேட்டு அனுமதிக் கடிதமே கொடுத்துவிட்டார். அவர் யார் என்று அக்கா சொன்னதில்லை. இந்த மலர் அவர் குடும்பத்தார் கையில் கிடைத்தால், எங்கள் நன்றி.

இனி, சங்கம் இரண்டாகப் போக இருந்த கதை.

சங்கம் நன்றாக வளர்ந்த பிறகு, கைத்தொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் அடையாள அட்டை தருவதாக அறிவிப்பு வந்தது. அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கடனுதவி, கண்காட்சிக்கு அழைப்பு, வயதான காலத்தில் உதவித்தொகை எல்லாம். ஊருக்கு ஊர் பட்டியல் தயாரித்துச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அக்கா படித்துப் பார்த்தார். எல்லாம் ஆண்கள் பெயர். பத்தமடையில் மைமூன் பீவி நெய்யும் பட்டுப்பாய் சேலை மாதிரி மடியும். ஆனால் பட்டியலில் பாய் நெய்பவராக இருந்தது அவர் கணவர் காதர் பாய். அவர் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார்.

அக்கா பட்டியலைத் திருப்பி அனுப்பினார். அவர் மனத்தில் இருந்தது பாய் நெய்யும் தெருவில் இருந்த ஒரு விதவை. கணவர் இறந்ததும், முந்தைய திட்டம் ஒன்றில் அவர் பெயரில் வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோயிற்று. காலமெல்லாம் பாய் நெய்தவர் அந்த அம்மாள்தான். காகிதத்தில் அவர் எங்கும் இல்லை.

பொதுக்குழு கூடியது. எதிர்த்து எழுந்தவர் வேறு யாரும் இல்லை, இசக்கிமுத்து வேளார்.

"தாயி, கட்டித் தாங்க, வித்துத் தாங்க, நீங்க சொல்லுததக் கேக்கோம். வீட்டுக்குள்ள யாரு பேரு எழுதணும்னு நீங்க சொல்லப்படாது."

"வீட்டுக்குள்ள நான் எங்க வந்தேன் அண்ணாச்சி? வேலை யாரு செய்யுதாகளோ அவுக பேர எழுதுங்கன்னுதான் சொல்லுதேன்."

"அப்போ நான் செய்யலியா?"

"நீங்களும் செய்யுதீக. மதினியும் செய்யுதாகல்லா?"

"அவ கூடமாட ஒத்தாச பண்ணுதா."

"கூடமாடயா?" என்று அக்கா மேசையில் அடித்த அடியில் தண்ணீர்த் தம்ளர் உருண்டு ஓடியது. அவர் அதை எடுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. வெளியேறிவிட்டார். வேளாரும் அவர் பக்கத்து ஆட்களும் தனிச் சங்கம் தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். "யக்கா, சாப்பிடு" என்றேன். "ஏலே, அந்த மனுசன் எனக்குக் கூடப் பொறந்தவரு மாதிரிலே" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அப்பா இறந்த பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். மறுவாரம் மைமூன் பீவி வீடு தேடி வந்தார். அக்காவை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்; அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல். "லாத்தா, எனக்கு அட்டையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்களால சங்கம் ரெண்டாப் போவ வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா, "ஒனக்கு வேண்டாம்னா ஒன் பெறகால வாரவளுக்கு வேணும். பேசாம டீயக் குடி" என்று சொல்லி அவரே டீ போட்டார். அந்த டீயைக் குடித்ததைத்தான் தன் வாழ்நாளில் செய்த பெரிய தியாகம் என்று மைமூன் பீவி இன்றும் சொல்வார். சங்கத்தார் அனைவரும் அறிந்த உண்மை அது: அக்காவுக்குச் சமையல் வராது.

இரண்டு மாதம் கழித்து, பட்டியலைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லா ஊர்க்காரர்களும் கூடினார்கள். வேளார் தரப்பு அனுப்பிய திருத்தாத பட்டியல் ஒன்று, அக்கா எழுதிய பட்டியல் ஒன்று என இரண்டு அவர் கையில் இருந்தன. எதை எடுத்துக்கொள்வது என்று அவர் குழம்பியபோது அக்கா எழுந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "ஐயா, எந்தப் பட்டியலா இருந்தாலும் சரி. பெயர் உள்ளவர்கள் உங்கள் முன்னால் வேலையைச் செய்து காட்டட்டும்." நியாயம்தான் என்றார் அதிகாரி. பாய்த் தறியும் சக்கரமும் மண்டபத்துக்கு வந்தன.

முதலில் காதர் பாயை அழைத்தார்கள். அவர் நல்ல மனிதர். தறியில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சுற்றி ஒருமுறை வந்தார். கோரையை நுழைக்கும் நீளக் குச்சியை எடுத்தவர், டீ ஆற்றுகிற மாதிரியே கையை மேலே தூக்கினார். குச்சி இரண்டு நூலை அறுத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. "ஐயோ, என் பாவு போச்சே!" என்று மைமூன் பீவி ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அறுந்த நூலை முடிந்து, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு விரற்கடை நெய்துவிட்டார். காதர் பாய் எழுந்து நின்று, "சார், டீ போடணும்னா என்னக் கூப்பிடுங்க" என்றார். மண்டபம் சிரித்தது.

அடுத்து வேளார். அவர் யாருக்கும் சளைத்தவர் அல்ல. சக்கரத்தைச் சுழற்றி மண்ணில் கை வைத்ததும் பானையின் வாயும் கழுத்தும் தோளும் ஒரே மூச்சில் எழுந்து வந்தன. அதிகாரி கைதட்டினார். ஆனால் எங்கள் பக்கத்துப் பானை சக்கரத்திலேயே முடிந்துவிடாது. அடிப்பாகம் திறந்தபடிதான் அறுத்தெடுப்பார்கள். உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் பையப் பையத் தட்டி அடியை மூட வேண்டும். அது வேளார் வீட்டில் எப்போதும் பேச்சியம்மாள் வேலை. கொஞ்சம் காயவைத்த பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேளார் பலகையை எடுத்துத் தட்டினார். மண் ஒரு பக்கம் கிழிந்தது. அதை ஒட்டிவிட்டு மறுபடி தட்டினார். இன்னொரு பக்கம் கிழிந்தது. வியர்த்துவிட்டது. தன்னை மறந்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, "ஏ பேச்சி! இங்கன வாயேன்!" என்று குரல் கொடுத்தார்.

முதலில் சிரித்தவர் வேளார்தான். பலகையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். அவர் சிரிக்கவும் மண்டபமே சேர்ந்துகொண்டது. பேச்சியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, கிழிந்த பானையை மடியில் வாங்கி, பேசாமல் தட்டத் தொடங்கினார். அடி மூடிக்கொண்டு வந்தது.

"யார் பெயரை எழுத?" என்று அதிகாரி கேட்டார்.

"மொதல்ல அவ பேர எழுதுங்க சார். பெறகு என் பேரு. அடியில்லாத பானைக்கு யாரு பேரப் போட்டு என்ன செய்ய?" என்றார் வேளார்.

அன்று அக்கா எழுதிய பட்டியலே ஏற்கப்பட்டது. அந்த விதவைத் தாயின் பெயரும் அதில் இருந்தது. எல்லாரும் கலையும்போது வேளார் அக்காவின் எதிரில் வந்து நின்றார். "தாயி, என்கிட்டப் பேசுவீகளா மாட்டீகளா?" அக்கா, "சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். இரண்டு மாதச் சண்டை அதோடு முடிந்தது.

பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவையே. மைமூன் பீவி சங்கத் தலைவரானார், மூன்று முறை. குளத்தில் மண் எடுக்க அனுமதி வாங்கியது, சொந்தக் கட்டடம் எழுப்பியது எல்லாம் அவர் காலத்தில்தான். இன்று சங்கத்தின் பிள்ளைகள் கணினியில் ஆர்டர் எடுக்கிறார்கள். பெட்டிகள் கடல் தாண்டிப் போகின்றன.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவரே கோபித்துக்கொள்வார். பேச்சியம்மாளுக்கு ஒரு பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக எழுந்து வந்தால் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் போட்டுக் காணிக்கை எடுத்து வருவதாக அக்கா அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த தசரா சமயத்தில் நான் வண்ணார்பேட்டையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். கரடி வேடம் போட்ட ஒருவர் தாளத்துக்கு ஆடிக்கொண்டே வந்து என் முன்னால் தட்டை நீட்டினார். காணிக்கை போட்டேன். கரடி போகவில்லை. இன்னும் ஆடியது. மறுபடி போட்டேன். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போயிற்று. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது அக்கா கேட்டார்: "ஏலே, கரடிக்கு ரெண்டு தடவ காணிக்கை போட்டியே, வீட்டுக்குத் தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் ஏன் மறந்துருத?" எனக்குப் புரையேறிவிட்டது. பேச்சியம்மாள் அதன்பின் பல ஆண்டுகளாக நலமாக இருக்கிறார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

கடைசி ஆறு மாதம் அக்காவுக்குச் சிறுநீரகம் ஒத்துழைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சை. வலி இருந்தது, ஆனால் புலம்பல் இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் ரயில் எந்த ஊரில் எத்தனை நிமிடம் தாமதம் என்று விசாரிப்பார். தாமதம் என்றால் தானே பொறுப்பு என்பது போல வருத்தப்படுவார். ஒருநாள் மைமூன் பீவி கட்டிலில் விரிக்க ஒரு பாய் கொண்டுவந்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்து, "இது நீ நெய்ததில்லியே, யாரு நெய்தது?" என்றார். "என் மகன் பொண்டாட்டி, லாத்தா." "ஒன்னவிட நல்லா நெய்யுதா." மைமூன் பீவிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தப் பாயில்தான், ஒரு காலை நேரம், காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் அமைதியாகப் பிரிந்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. முறைவைத்து அக்காவுக்குத் துணையிருந்த சங்கத்துப் பெண்களுக்கும், சிகிச்சைக்கு அழைத்துப் போய்வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், ஊசி போடும்போதெல்லாம் அக்காவின் திட்டைச் சிரித்தபடி வாங்கிக்கொண்ட செவிலியர்களுக்கும், அக்கா சொன்னபடி உப்பில்லாமல் சமைத்து அக்காவிடமே குறைகேட்ட என் துணைவியாருக்கும், காரியம் முடியும் வரை அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் குடும்பத்தின் சார்பில் என் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. சென்ற மாதம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அக்காவின் படத்தைப் பெரிதாகச் செய்து, பெட்டி கட்டும் அறையில் மேற்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வேளார் தீர்மானம் கொண்டுவந்தார். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே ஓர் இளம்பெண் எழுந்து, "அந்த அறையில மூச்சு முட்டுது தாத்தா. அந்த மேக்குச் சுவர்லதான் ஒரு சன்னல் வைக்கணும்னு ரெண்டு வருசமாக் கேக்கோம்" என்றார். படம் வேண்டும் என்று ஒரு கூட்டம், சன்னல் வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு மணி நேரம் சத்தம். மேசையில் யாரோ அடித்தார்கள். பேச்சியம்மாள் கணவருக்கு எதிராகப் பேசினார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். சன்னல் வென்றது. ஒரு நிமிடம் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேளாருக்கு அந்தப் பெண்தான் பாயசம் ஊற்றினார். "என்னைக்கு நான் செயிச்சிருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார். அக்கா இல்லாமலே சண்டை போடவும், சண்டை தீர்ந்து சாப்பிடவும் சங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக அந்த நன்றி.

சன்னல் வைத்தாயிற்று. சாரல் தொடங்கிவிட்டது. நினைவுநாள் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் ஒரு எட்டு அந்த அறைக்கு வந்து போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காற்று நன்றாக வருகிறது.

அன்புடன்,
தம்பி